காதுக்காரருக்குக் கேட்காத சத்தம்

அந்த வட்டாரத்தில் வண்டி வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், வண்டிக் கரண்டு வேலை பார்க்கிற காதுக்காரர் பானெட்டைத் திறப்பதற்கு முன்பே நோயைச் சொல்லிவிடுவார் என்று. வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொல்வார். இரண்டடி தள்ளி, தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டு நிற்பார். சாவி திரும்பும். "போதும், அணைச்சுடுங்க" என்பார். பேட்டரி போயிருக்கிறதா, டைனமோ சார்ஜ் ஏற்றவில்லையா, செல்ஃப் மோட்டாரில் புஷ் தேய்ந்திருக்கிறதா, எல்லாம் அந்த ஒரு திருப்பலில் தெரிந்துவிடும். பிறகு திறந்து பார்த்தால் பத்துக்கு ஒன்பது முறை அதுவாகத்தான் இருக்கும். மீதி ஒன்றை யாரும் கணக்கில் வைக்கவில்லை.

தொழிலை அவர் படித்தது ஒரு பஸ் டிப்போவில். பேட்டரி ரூம் சுவருக்கு அந்தப் பக்கம் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். பதினெட்டு வருஷம் அந்த இரைச்சலில் நின்றார். காதில் பஞ்சு வைத்துக்கொள் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் வைத்திருக்க மாட்டார். அப்புறம் வேலையை விட்டுவிட்டு, டாக்ஸி ஸ்டாண்டுக்கு எதிரே தகரக் கூரை போட்ட ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்தார். வோல்ட் பார்க்கிற நல்ல மீட்டர் ஒன்றும் வாங்கினார். முதல் இரண்டு வருஷம் அதை வைத்துப் பார்த்தார். பேர் பரவப் பரவ, மீட்டர் மேஜை டிராயருக்குள் போய்விட்டது. "மீட்டர் வச்சு எவன் வேணாலும் பாப்பான்" என்று டிரைவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். அவர்களும் கூடச் சிரிப்பார்கள். கைதட்டலுக்கு ஆசைப்படாத மனுஷன் யார்?

காது எப்போது போக ஆரம்பித்தது என்று அவருக்கே சரியாகத் தெரியாது. ஒருநாள் பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது அடுக்களையில் குக்கர் ஏழெட்டு விசில் விட்டுத் தீய்ந்துபோனது. மாடியிலிருந்து ஓடிவந்த மனைவி, "பக்கத்துலதானே இருக்கீங்க?" என்று கத்தினாள். "ஏதோ யோசனையில இருந்துட்டேன்" என்றார். அது பொய். விசிலே கேட்கவில்லை. இத்தனைக்கும் தெருவில் போகிற லாரியின் உறுமல் நன்றாகக் கேட்டது. கனமான சத்தங்களெல்லாம் காதுக்குள் வந்தன. மெல்லிசான, கூர்மையான சத்தங்கள் மட்டும் வெளியிலேயே நின்றுவிட்டன.

அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. சமையல்காரனுக்கு நாக்கு செத்துப்போனால் ஊரைக் கூட்டியா சொல்வான்? பேச்சு புரியாதபோது "இந்த ரோட்டு இரைச்சல்ல ஒண்ணும் விளங்க மாட்டேங்குது" என்று சாலையின் மேல் பழி போட்டார். அதையும் அடிக்கடி சொல்ல முடியாது என்பதால், பாதி நேரம் தலையை ஆட்டி வைத்தார். "ம்ம், ம்ம்" என்பது எல்லாக் கேள்விக்கும் பொருந்துகிற பதில். அப்படியே இரண்டு வருஷத்தை ஓட்டிவிட்டார்.

அப்போதுதான் ஒரு நர்ஸ் தன் வண்டியைக் கொண்டுவந்தாள். ஆஸ்பத்திரி நர்ஸ் இல்லை, வீடு வீடாகப் போகிறவள். படுத்த படுக்கையாக இருக்கிறவர்களுக்குப் புண் துடைப்பது, ஊசி போடுவது, மூத்திரக் குழாய் மாற்றுவது. ஒரு நாளைக்கு ஏழெட்டு வீடு. பழைய சின்ன கார். பின் சீட்டில் மருந்துப் பெட்டியும் மடித்த துணிகளும்.

"காலையில செல்ஃப் இழுக்க மாட்டேங்குதுண்ணே. அப்புறம் ஸ்டார்ட் ஆனதும் கீச்சுனு ஒரு சத்தம். லைட்டைப் போட்டா கூடுது, மழை நாள்ல ரொம்பக் கத்துது" என்றாள்.

பின்னால் ஒரு லாரி ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. காலையில், செல்ஃப், மழை என்று மூன்று வார்த்தைகள் அவருக்குக் கிடைத்தன. தலையை ஆட்டினார். "சாவியைத் திருப்புங்க சிஸ்டர்." மோட்டார் கிழவன் மாடி ஏறுவதுபோல முக்கி முனகியது. அந்த முனகல் கனமான சத்தம், நன்றாகக் கேட்டது. "பேட்டரி. மாத்திடுங்க" என்றார்.

பேட்டரி வாங்க அவர் அனுப்பியது தன் மச்சினன் கடைக்கு. மனைவியின் தம்பி. அதே வரிசையில் நாலு கடை தள்ளி பேட்டரி கடை வைத்திருந்தான். அதிகம் பேசாதவன். கடை போட்ட நாளிலிருந்து மாமா அனுப்புகிற ஆட்கள்தான் அவனுக்கு ஆதாரம். அதை அவனும் மறந்ததில்லை. புதுப் பேட்டரியைத் தானே தூக்கிவந்து மாட்டிக்கொடுத்தான்.

மூன்று வாரத்தில் அந்தப் பேட்டரி இறங்கிவிட்டது.

மச்சினன் அதைக் கழற்றிக் கொண்டுபோய் சோதித்துவிட்டு வந்தான். "மாமா, பேட்டரியில கோளாறு இல்ல. சார்ஜ்தான் ஏறல. டைனமோ பக்கம் ஒருதடவை மீட்டர் வச்சுப் பாத்துடுங்களேன்."

அவன் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் "மீட்டர்" என்ற சொல் காதுக்காரருக்குச் சுருக்கென்று குத்தியது. "எனக்கே பாடம் எடுக்கிறியா மாப்ள? வண்டியோட சத்தத்தைக் கேட்டாச்சு. டைனமோ சுத்தமா இருக்கு" என்றார். அவன் மாமாவின் வார்த்தைக்காக இன்னொரு பேட்டரியை மாற்றிக் கொடுத்தான்.

அதுவும் ஒரு மாதம்தான் தாங்கியது. அன்று ஷெட்டில் டாக்ஸி டிரைவர்கள் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். நர்ஸின் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்ததே அவர்கள்தான். அதில் ஒருவன் வாய் சும்மா இருக்காமல், "என்னண்ணே, காது ஏமாத்திருச்சா?" என்று கேட்டுவிட்டான். விளையாட்டாகத்தான் கேட்டான். காதுக்காரருக்கு, மறைத்து வைத்திருந்ததை யாரோ எட்டிப் பார்த்துவிட்ட மாதிரி ஒரு பதற்றம். பேட்டரியைக் கழற்றித் தூக்கிக்கொண்டு நேராக மச்சினன் கடைக்குப் போனார். டிரைவர்களும் வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே போனார்கள்.

கவுண்டர் மேல் பேட்டரியைத் தொப்பென்று வைத்தார். "பழைய சரக்குக்குப் புது ஸ்டிக்கர் ஒட்டி விக்கிறியா? சொந்த அக்கா புருஷன் அனுப்புற ஆளுக்கே இப்படின்னா, மத்தவங்களுக்கு என்ன செய்வே? திருட்டுப் பொழப்பு!"

மச்சினன் முகம் வெளுத்துப்போனது. "மாமா, மெதுவா பேசுங்க" என்று மட்டும் சொன்னான். அவர் மெதுவாகப் பேசவில்லை.

டாக்ஸி ஸ்டாண்டில் விழுந்த பேச்சு ஊருக்கெல்லாம் போக எத்தனை நாழி? சொந்தக்காரனே திருடன் என்கிறான், அப்புறம் என்ன சாட்சி வேண்டும்? டிரைவர்கள் வேறு கடைக்குப் போக ஆரம்பித்தார்கள். ஒரே மாதத்தில் மச்சினன் கடையின் பாதியைத் தடுத்து, செல்போன் உறை விற்கிறவருக்கு உள்வாடகைக்கு விட்டுவிட்டான். நர்ஸ் காதுக்காரர் பேச்சைக் கேட்டு, மார்க்கெட் பக்கம் வேறொரு கடையில் மூன்றாவது பேட்டரி வாங்கினாள்.

ஐந்து வாரம் கழித்து ஒரு மழை நாள் மத்தியானம். வைப்பர், ஹெட்லைட், கண்ணாடியில் படிகிற ஆவியை விரட்ட ஃபேன் எல்லாம் ஓட, நர்ஸின் வண்டி பாலத்தின் நடுவில் நின்றுபோனது. முதலில் வைப்பர் சோம்பலாக ஆடியது. அப்புறம் லைட் மங்கியது. கடைசியில் எஞ்சினே அணைந்தது. பாலத்தில் நெரிசல். ஆளைப் பிடித்து வண்டியை ஓரம் தள்ளி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்து, வழியில் ஒரு வண்டி கிடைத்து அவள் போய்ச் சேர நாலு மணி நேரம் ஆகிவிட்டது. அங்கே ஒரு வயசானவர், குழாய் அடைத்துப்போய், மூத்திரம் இறங்காமல் துடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை டிரைவர்கள் வண்டியைக் கயிறு கட்டி இழுத்துவந்து ஷெட்டில் விட்டார்கள். கூடவே வந்த நர்ஸ், பாலத்தில் நின்றதையும் பெரியவர் துடித்ததையும் சொன்னாள். வேறு கடைப் பேட்டரியும் செத்துவிட்டது என்றால் கோளாறு பேட்டரியில் இல்லை என்று காதுக்காரருக்குப் புரிந்துவிட்டது. சார்ஜ் ஏறியிருந்த ஒரு பேட்டரியைத் தூக்கி வைத்து, "ஸ்டார்ட் பண்ணி லைட்டைப் போடுங்க சிஸ்டர்" என்றார்.

எஞ்சின் பிடித்தது. நர்ஸ் ஹெட்லைட்டைப் போட்டாள்.

டிரைவர்கள் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் முகத்தைச் சுளித்தார்கள். ஒருவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். எதிர்ப் பக்கம் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். காதுக்காரர் அவர்களையெல்லாம் மாறி மாறிப் பார்த்தார். எஞ்சின் ஓடுகிற கனமான உறுமல் மட்டும் அவருக்குக் கேட்டது. வேறு ஒன்றுமே இல்லை.

"இதோ, இதுதாண்ணே! கத்துது பாருங்க" என்றாள் நர்ஸ்.

அவர் வாய், பழக்க தோஷம், தானாகவே பொய் சொன்னது: "ஆமா... இது இப்பத்தான் புதுசா வந்திருக்கு."

நர்ஸ் இறங்கி வந்தாள். கோபப்படவில்லை. அவர் முகத்தையே பார்த்தாள். "முதல் நாளே சொன்னேனேண்ணே. லைட்டைப் போட்டா கூடுதுன்னும் சொன்னேன். நீங்க தலையாட்டினீங்க."

அவர் பானெட்டுக்குள் தலையை நுழைத்துக்கொண்டார். வேறு எங்கே ஒளிவது? டைனமோ பெல்ட் கண்ணாடிபோல மினுமினுத்தது. மேலே எஞ்சின் மூடியின் ஓரத்திலிருந்து எண்ணெய் கசிந்து பெல்ட்டின் மேல் சொட்டியிருந்தது. கசிவைச் சுற்றி ஒரு விரல் தடிமனுக்குப் புழுதி அப்பியிருந்தது. இன்று நேற்று வந்த கசிவு இல்லை. பெல்ட்டை அழுத்திப் பார்த்தார். தொளதொளவென்று இறங்கியது. லைட்டைப் போட்டதும் டைனமோவுக்குச் சுமை ஏறுகிறது. பெல்ட் பிடிப்பில்லாமல் வழுக்கி அலறுகிறது. டைனமோ பாதி வேகத்தில் சுற்றுகிறது. பகலில் வெறுமனே ஓடினால் ஏதோ கொஞ்சம் சார்ஜ் ஏறும். லைட்டும் மழையும் சேர்ந்தால் ஏறியதெல்லாம் போய்விடும். எந்தக் கடைப் பேட்டரி வைத்தாலும் இதே கதைதான்.

டிராயரிலிருந்து மீட்டரை எடுத்தார். அதற்கே பேட்டரி செத்துப்போயிருந்தது. டிரைவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டது அவருக்குத் தெரிந்தது. போய் ஒன்று வாங்கிவந்து போட்டு, டெர்மினலில் வைத்தார். லைட் இல்லாமல் பதிமூன்றரை வோல்ட். லைட்டும் ஃபேனும் போட்டதும் பன்னிரண்டுக்கு இறங்கியது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஏற வேண்டும், ஏறவே இல்லை. ஒரு நிமிஷ வேலை. மூன்று மாதத்துக்கு முன்னால் செய்திருக்க வேண்டிய ஒரு நிமிஷ வேலை.

கசிவை அடைத்து, புதுப் பெல்ட் மாட்டி, இழுப்பைச் சரிபண்ணிப் பார்த்தபோது மீட்டர் பதினாலேகாலில் ஆடாமல் நின்றது. நர்ஸ் பணம் எடுக்கப் பையைத் திறந்தபோது அவர் கை காட்டித் தடுத்தார். "நேத்து அந்தப் பெரியவர்... இப்ப எப்படி இருக்கார்?"

"இருக்கார்ணே. வலி பொறுக்காம அழுதுட்டார். நான் போனதும் வாய்க்கு வந்தபடி திட்டினார்."

"வண்டி ரிப்பேர்னு சொல்லலியா?"

"அந்த நேரத்துல அவருக்கு வண்டியா முக்கியம்?"

அன்று சாயங்காலம் அவள் கூடவே அந்த வீட்டுக்குப் போனார். பெரியவர் ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தார். இவர் யாரோ மின்சார வேலைக்கு வந்தவர் என்று நினைத்துக்கொண்டு, "அந்த ஃபேன் ஸ்விட்சைப் பாருப்பா" என்றார். காதுக்காரர் ஸ்விட்சைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினார். பிறகு கட்டில் அருகே நின்று, "ஐயா, நேத்து சிஸ்டர் லேட்டா வந்தது என்னாலதான். வண்டியைச் சரியாப் பாக்காம விட்டுட்டேன்" என்றார்.

பெரியவர் என்னவோ சொன்னார். குரல் மெலிந்து, காற்றாக வந்தது. காதுக்காரருக்குக் கேட்கவில்லை. வழக்கம்போலத் தலையாட்டப் போனார். கழுத்து அசைவதற்குள் நிறுத்திக்கொண்டார். வெட்கத்தில் முகமெல்லாம் எரிந்தது. "எனக்குக் காது கேக்காதுங்கய்யா. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க." வாழ்க்கையில் முதல் தடவையாக அதைச் சொன்னார், அதுவும் முன்பின் தெரியாத ஒருவரிடம்.

பெரியவர் தம் கட்டிக்கொண்டு சொன்னார்: "அந்தப் பொண்ணை நான் பேசக்கூடாத பேச்செல்லாம் பேசிட்டேன். அதை இப்ப எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

அவருக்கும் அதே கேள்விதான் இருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் பள்ளிக்கூட ஆபீசில் கணக்கெழுதுகிறவள்; ஒரு வார்த்தைக்கு இன்னொரு வார்த்தை கூடப் போட மாட்டாள். தம்பி கடையில் அந்தச் சண்டை நடந்த நாளிலிருந்து அதுவும் குறைந்துபோயிருந்தது.

"காது போனது எனக்கு ரெண்டு வருஷமாத் தெரியும்" என்றாள்.

"அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னேன். உங்களுக்குக் கேக்கல."

சிரிக்கிற இடம்தான். இரண்டு பேரும் சிரிக்கவில்லை. அவளே மேலே சொன்னாள்: "என் தம்பியைத் திருடன்னு சொல்லிட்டு வந்தீங்க. இது பேட்டரி கோளாறா காது கோளாறான்னு எனக்கு அன்னிக்கே சந்தேகம். ஆனா உங்க பேர் போயிடுமேன்னு வாயைத் திறக்கல. கூடப் பொறந்தவனைவிட உங்க பேர் பெருசாப் போச்சு எனக்கு. எனக்கு மட்டும் வெட்கமா இல்லியா?"

மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் டாக்ஸி ஸ்டாண்டுக்குப் போனார். "அன்னிக்கு என் பின்னாலயே கடைக்கு வந்தீங்களே, அத்தனை பேரும் இன்னிக்கும் வாங்க" என்றார். ஐந்து பேர் வந்தார்கள். கடைக்குள் ஏறாமல், வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். காது கேட்காதவர்கள் பேச்சு இயல்பாகவே உரக்கத்தான் வரும். அன்று அதற்காக அவர் வருத்தப்படவில்லை.

"மாப்ள, உன் பேட்டரி ரெண்டுமே நல்ல பேட்டரி. பெல்ட் வழுக்கியிருக்கு. வண்டி கத்தினது ஊருக்கே கேட்டுச்சு, எனக்குக் கேக்கல. எனக்குக் காது போயிடுச்சு. அதை மறைக்க உன்னைத் திருடன்னு சொன்னேன். திருட்டுத்தனம் பண்ணினது நான்."

டிரைவர்கள் தரையைப் பார்த்தார்கள். மச்சினன் ஒரு டெர்மினலைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்து முடித்தான். துணியை மடித்து வைத்தான். பிறகு, "கேட்டுச்சு. வேற ஏதாவது வேணுமா சார்?" என்றான்.

பதினைந்து வருஷமாக "மாமா" என்று கூப்பிட்ட வாய். ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார்.

டிரைவர்களில் சிலர் அந்தக் கடைக்குத் திரும்பினார்கள்; சிலர் திரும்பவில்லை. கெட்ட பேர் டாப் கியரில் போகும். நல்ல பேரைக் கயிறு கட்டித்தான் இழுத்துவர வேண்டும். செல்போன் உறைக் கடை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

நர்ஸே ஒரு காது டாக்டரிடம் அவரைக் கூட்டிப்போனாள். சின்னக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். அமுக்கினார், அமுக்கினார், பிறகு நெடுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்கு வெளியே சோதனை செய்கிற பெண் குமிழைத் திருப்பிக்கொண்டே இருந்தாள். சத்தங்கள் போய்க்கொண்டே இருக்கின்றன, தனக்குத்தான் வரவில்லை என்பது புரிந்தது. பரீட்சையில் வெள்ளைத் தாளைக் கொடுத்துவிட்டு வருகிறவனைப்போல வெளியே வந்தார். காதுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ள ஒரு மெஷின் கொடுத்தார்கள். டிரைவர்கள் ஒரே நாளில் அவருக்குப் பேரை மாற்றிவிட்டார்கள்: "மெஷின் அண்ணே". கூப்பிடும்போதெல்லாம் முகம் சூடாகும். திரும்பி "என்னப்பா?" என்பார்.

இப்போது யார் வண்டி கொண்டுவந்தாலும் முதலில், "சத்தம் ஏதாவது வருதா? எனக்குச் சரியாக் கேக்காது, நீங்கதான் சொல்லணும்" என்கிறார். சிலர் அதைக் கேட்டதும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறார்கள். நிற்கிறவர்களின் வண்டியில் மீட்டரை வைத்து, எஞ்சின் அணைந்திருக்கும்போது ஒருதடவை, ஓடும்போது ஒருதடவை, எல்லா விளக்கும் எரியும்போது ஒருதடவை என்று பார்த்து, மூன்று எண்களையும் ஒரு சீட்டில் எழுதுகிறார். பேட்டரிதான் போயிருக்கிறது என்று உறுதியானால் சீட்டை எடுத்துக்கொண்டு தானே மச்சினன் கடைக்கு நடக்கிறார்.

மச்சினன் சீட்டை வாங்கிப் படிக்கிறான். சரியான பேட்டரியை எடுத்துத் தருகிறான். மனைவி தம்பி வீட்டுக்குப் போக வர இருக்கிறாள். இவர் வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார். உள்ளே வாருங்கள் என்று யாரும் சொன்னதில்லை. போன வாரம்கூட கடையில், "வாரண்டி கார்டு உள்ள இருக்கு சார்" என்றான். மெஷின் புண்ணியத்தில் ஒவ்வோர் எழுத்தும் சுத்தமாகக் கேட்டது. "சரிப்பா" என்று சொல்லிவிட்டு, பேட்டரியைத் தோளில் வைத்துக்கொண்டு ஷெட்டுக்கு நடந்தார்.